விறைப்பான ஸ்பிரிங்தான் நல்ல ஸ்பிரிங்கா?



காரவள்ளியிலிருந்து நம்ம மலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், அந்த வளைவுகளில் வண்டி ஓட்டிப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அவர்களுடைய சில கார்கள் தரையை ஒட்டினாற்போல் இருக்கும். வளைவில் கொஞ்சம்கூடச் சாயாது. நம்ம பஸ்ஸோ சாய்ந்து, நம்மை ஒருத்தர் மேல் ஒருத்தராகத் தள்ளிவிடும். ஏன் இந்த வித்தியாசம்? ஸ்போர்ட்ஸ் காரில் அப்படி என்னதான் மாற்றுகிறார்கள்? இதைத் தெரிஞ்சுக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சஸ்பென்ஷன் என்றால் என்ன?

சக்கரத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் இருக்கும் அமைப்புதான் சஸ்பென்ஷன். நாம் குலுங்காமல் போவதற்கு மட்டும்தான் அது என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. நான்கு டயரையும் எப்போதும் ரோட்டில் அழுத்தி வைப்பது! டயர் ரோட்டை விட்டுத் தூக்கினால் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. இதில் முக்கியமான பாகங்கள் மூன்று.

1. ஸ்பிரிங்: எடையைத் தாங்குவது இதுதான். கார்களில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். லாரி, பிக்கப் வண்டிகளின் பின்பக்கம் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். ஸ்பிரிங் மேல் விசை இரண்டு மடங்கானால் அது அமுங்கும் அளவும் இரண்டு மடங்காகும். இந்த விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார்.

2. ஷாக் அப்சார்பர்: அமுங்கிய ஸ்பிரிங் சும்மா இருக்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவது இது. உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகக் கஷ்டப்பட்டுப் போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது.

3. ஆன்ட்டி ரோல் பார்: இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் இரும்புக் கம்பி. வண்டி ஒரு பக்கம் சாயும்போது இது முறுக்கிக்கொண்டு சாய்வை எதிர்க்கும்.

செய்து பாருங்கள்: ஒரு சின்னக் கல்லை ரப்பர் பேண்டில் கட்டித் தொங்கவிட்டு இழுத்து விடுங்கள். ரொம்ப நேரம் ஆடும். இப்போது கல்லை ஒரு சொம்புத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அதேபோல் இழுத்து விடுங்கள். சீக்கிரமே நின்றுவிடும். ரப்பர்தான் ஸ்பிரிங், தண்ணீர்தான் ஷாக் அப்சார்பர்!

வளைவில் நடப்பது என்ன?

ஒரு கணக்கு போடலாம். காரின் எடை 1200 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ. நேராக நிற்கும்போது ஒவ்வொரு பக்கமும் 600 கிலோ. வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டு விசை எடையில் 0.6 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 1200 × 0.6 × 50 ÷ 150 = 240. அதாவது 240 கிலோ பாரம் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறிவிடும். உள்பக்கம் 360, வெளிப்பக்கம் 840!

காரை 3 செ.மீ. தாழ்த்தினால் 47 செ.மீ. ஆகும். அப்போது மாறும் பாரம் சுமார் 226 கிலோ. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்கின் விறைப்பு எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? விறைப்பான ஸ்பிரிங் போட்டால் சாய்வு குறையும், ஆனால் மாறும் பாரம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். சாயாத கார் எல்லாம் பிடிப்பான கார் இல்லை!

விறைப்பால் இன்னொரு விஷயமும் மாறுகிறது. முன்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால் முன் டயர்களின் பிடிப்பு முதலில் போய், காரின் மூக்கு வளைவுக்கு வெளியே ஓடும். பின்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால் வால் வீசும். அதனால் முன்னும் பின்னும் பொருத்தம் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயப் பாதைகள் உள்ளன. நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1 போட்டிக்குப் போன முதல் இந்தியர். நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. இப்படிப்பட்ட பந்தயப் பாதைகள் வழவழப்பாக இருக்கும். அங்கே விறைப்பான ஸ்பிரிங் சரிப்படும். நம்ம ரோட்டில் மழைக்காலத்தில் குழியும் கல்லும்தானே அதிகம்? விறைப்பான ஸ்பிரிங் அமுங்க மறுக்கும், டயர் குதிக்கும்.

எங்கள் மாமாவின் வண்டி

இப்போது என் காரணம். என் மாமா பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். பலாப்பழமும் அன்னாசியும் ஏற்றும்போது பின்பக்கம் ரொம்ப அமுங்குகிறது என்று கூடுதலாக இரண்டு பட்டை போட்டார். "இனிமே வண்டி கல்லு மாதிரி நிக்கும் கண்ணு" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ஒருநாள் சிமெண்ட் ஏற்றி வரக் காலி வண்டியோடு கீழே இறங்கினார். நோட்டு வாங்க நானும் கூடப் போனேன். மழை பெய்து ஓய்ந்த நேரம். ஒரு வளைவில் ரோடு பெயர்ந்து கிடந்தது. பின் சக்கரங்கள் தடதடவென்று குதித்தன. வண்டியின் வால் அப்படியே பள்ளத்துப் பக்கம் போய், தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எனக்குக் கை நடுங்கியது.

சேந்தமங்கலத்தில் மெக்கானிக் அண்ணன் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தார். பின் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து காய்ந்திருந்தது. "பட்டை கூடிப்போச்சு, ஷாக் செத்துப்போச்சு. காலி வண்டியில இந்தப் பட்டை எங்கண்ணே அமுங்கும்?" என்று கேட்டார். கூடுதல் பட்டைகளைக் கழற்றி, புது ஷாக் அப்சார்பர் மாட்டினார். மாமாவும் பாரத்தைக் குறைத்துவிட்டார். இப்போது அதே வளைவில் வண்டி கொஞ்சம் சாய்கிறது, ஆனால் வால் வீசுவதில்லை. மேலே சொன்ன கணக்கை எனக்குப் புரிய வைத்தவர் நம் அறிவியல் ஆசிரியர்தான்.

நினைவில் வைக்க வேண்டியவை

* முதலில் டயர், காற்று, தேய்ந்த புஷ், ஷாக் அப்சார்பர் இவற்றைச் சரி செய்ய வேண்டும். ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதுதான் முதல் படி.
* ஸ்பிரிங்கை மாற்றினால் அதற்கு ஏற்ற ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.
* காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கின் சுற்றை அறுப்பது பெரிய தப்பு. அமுங்க இடம் இல்லாமல் இடிக்கும். குழியில் சக்கரம் இறங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு நழுவவும் கூடும்.
* பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு பொதுவாகத் தடை செய்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டில் வண்டி இருந்தால் இன்று சாயங்காலமே ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் அப்பாவிடமோ மாமாவிடமோ உடனே சொல்லுங்கள். நமக்கு 70 வளைவு இருக்கிறது!



– பத்தாம் வகுப்பு மாணவி