போலீஸ் தோளில் இருந்த கிரீடம் எங்கே போயிற்று?

மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டின் தோளைக் கவனித்துப் பார்த்தது உண்டா? அங்கே ஒரு நட்சத்திரமும், அதோடு ஒரு சிங்கச் சின்னமும் பளபளக்கும்.

சுதந்திரத்துக்கு முன்பு அந்தச் சிங்கம் அங்கே இல்லை. அதன் இடத்தில் இருந்தது இங்கிலாந்து அரசரின் கிரீடம்!

கிரீடம் போய், சிங்கம் வந்தது எப்படி? அந்தக் கதையை இராமேசுவரம் கடற்கரையில் நின்று கேட்க வேண்டும். ஏனென்றால், 20 ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கடலின் ஒரு கரையில் சிங்கமும், மறு கரையில் கிரீடமும் எதிர் எதிராக இருந்தன.

சேதுவைக் காத்தவர்கள்

வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பு, இந்தக் கரையின் காவல் சேதுபதி மன்னர்களிடம் இருந்தது. சேதுவுக்குத் தலைவர் என்பதுதான் "சேதுபதி" என்ற பட்டத்தின் பொருள். இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர்களைக் காப்பது அவர்களுடைய கடமை.

1795–ம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனி முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியில் இருந்து இறக்கிச் சிறையில் அடைத்தது. 1809–ல் அவர் சென்னையில் சிறைவாசத்திலேயே இறந்தார். 1803–ல் அவருடைய சகோதரி மங்களேசுவரி நாச்சியாரிடம் இராமநாதபுரம் ஜமீன் ஒப்படைக்கப்பட்டது. நாடு ஜமீன் ஆயிற்று. காவல் அதிகாரம் கம்பெனியிடம் போயிற்று.

1858–ல் கம்பெனி ஆட்சியும் முடிந்தது. விக்டோரியா மகாராணியின் நேர் ஆட்சி வந்தது. அடுத்த ஆண்டே, அதாவது 1859–ல், சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் பிறந்தது. இன்றைய தமிழ்நாடு போலீசுக்கு அதுதான் தொடக்கம்.

மகாராணியின் ஆட்சி, மகாராணியின் போலீஸ். ஆகவே அதிகாரிகளின் தோளில் மகாராணியின் கிரீடம் ஏறியது.

ராஜா மாறினால் சின்னமும் மாறும்

இங்கிலாந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ராஜாவுக்கும் தனியாக ஓர் எழுத்து முத்திரை இருக்கும். ராஜாவின் பெயரில் முதல் எழுத்து, அந்தப் பெயரில் அவர் எத்தனையாவது ராஜா என்ற எண், கடைசியில் "ஆர்" என்ற எழுத்து. லத்தீன் மொழியில் "ரெக்ஸ்" என்றால் ராஜா; "ரெஜினா" என்றால் ராணி. இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான்!

இந்தியாவில் இந்த முத்திரையோடு "ஐ" என்ற எழுத்தையும் சேர்த்தார்கள். அதற்குச் சக்கரவர்த்தி என்று பொருள்.

கிரீடத்தின் வடிவமும் மாறுவது உண்டு. விக்டோரியா 1901–ல் இறந்தார். அவருக்குப் பிறகு வந்த ஏழாம் எட்வர்டு காலத்தில், உச்சி உருண்டையான கிரீடம் சின்னங்களில் வந்தது. 1952–ல் இரண்டாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்ததும், உச்சி நடுவில் குழிந்த கிரீடத்தைத் தேர்ந்தெடுத்தார். பழைய சின்னங்களைச் சேர்ப்பவர்கள் உச்சியைப் பார்த்தே, "இது ராஜா காலத்தது, இது ராணி காலத்தது" என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரே ஆண்டில் 3 ராஜாக்கள்!

1936–ம் ஆண்டு பெரிய வேடிக்கை நடந்தது. ஜனவரி மாதம் ஐந்தாம் ஜார்ஜ் இறந்தார். மகன் எட்டாம் எட்வர்டு ராஜா ஆனார். கணவரை விவாகரத்து செய்த பெண்ணை மணக்க விரும்பியதால் எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பரில் அவர் முடி துறந்தார். தம்பி ஆறாம் ஜார்ஜ் ராஜா ஆனார்.

நல்லவேளை, கிரீடத்தின் வடிவத்தை யாரும் மாற்றவில்லை. இராமநாதபுரத்துப் போலீஸ் அதிகாரியின் தோளில் இருந்த கிரீடம் அப்படியே இருந்தது. ஆனால், அந்தக் கிரீடத்துக்கு உரியவர் ஒரே ஆண்டில் இரண்டு தடவை மாறிவிட்டார்!

சிங்கம் வந்த நாள்

1947 ஆகஸ்டு 15–ந் தேதி சுதந்திரம் வந்தது. ஆனாலும், கிரீடத்தின் காலம் அன்றே முடிந்துவிடவில்லை. ஆறாம் ஜார்ஜ் சட்டப்படி இந்தியாவுக்கும் மன்னராகவே நீடித்தார்.

1950 ஜனவரி 26–ந் தேதி இந்தியா குடியரசு ஆயிற்று. அன்று மன்னர் போனார். அவரோடு கிரீடமும் போயிற்று.

அதன் இடத்துக்கு வந்தது அசோகரின் சிங்கம். காசிக்கு அருகே உள்ள சாரநாத்தில் அசோகர் நிறுத்திய தூணின் உச்சியில் இருந்தது அது. அதில் நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மூன்றுதான் தெரியும்.

அசோகரும் ஓர் அரசர்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், அவர் மறைந்து 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவருடைய பட்டத்துக்கு வர இனி வாரிசு இல்லை. ஆகவே சின்னத்தை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை!

இக்கரையில் சிங்கம், அக்கரையில் கிரீடம்

அந்தக் காலத்தில் சென்னையில் இருந்து "போட் மெயில்" ரெயிலில் தனுஷ்கோடிக்குப் போய், அங்கே கப்பல் ஏறினால் இலங்கையின் தலைமன்னாரில் இறங்கலாம். 1964 டிசம்பரில் அடித்த பெரும் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை இந்தப் பயணம் நடந்தது.

1950–க்குப் பிறகு அந்தக் கப்பலில் போனவர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். ஏறும் கரையில் சிங்கச் சின்னம். இறங்கும் கரையில் கிரீடச் சின்னம்! 1948–ல் இலங்கை விடுதலை பெற்றாலும், இங்கிலாந்து மன்னரையே தன் மன்னராக வைத்துக்கொண்டு இருந்தது.

1952 பிப்ரவரி 6–ந் தேதி ஆறாம் ஜார்ஜ் இறந்தார். அக்கரையில் ஆட்சி எலிசபெத் ராணியின் பெயருக்கு மாறியது. ரூபாய் நோட்டில் அவருடைய படம் வந்தது. 1954–ல் இலங்கை அமைத்துக்கொண்ட அரசுச் சின்னத்தின் உச்சியில் கிரீடம் இருந்தது.

இக்கரையில் என்ன மாறியது? எதுவும் மாறவில்லை. இராமேசுவரத்துப் போலீசாரின் சட்டையில் ஒரு பித்தான்கூட மாறவில்லை!

1972 மே 22–ந் தேதி இலங்கையும் குடியரசு ஆயிற்று. சின்னத்தின் உச்சியில் கிரீடத்துக்குப் பதிலாகத் தருமச் சக்கரம் வந்தது.

லண்டனிலும் மலேசியாவிலும்

2022 செப்டம்பர் 8–ந் தேதி எலிசபெத் ராணி இறந்தார். மூன்றாம் சார்லஸ் மன்னர் ஆனார். அவர் மீண்டும் உருண்டைக் கிரீடத்தைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்துப் போலீசாரின் தொப்பியில் ராணியின் முத்திரை போய், ராஜாவின் முத்திரை வரத் தொடங்கியது. ஒரே நாளில் மாற்றினால் செலவு அதிகம். அதனால் பழையது தேயத் தேயப் புதியதைக் கொடுப்பது அங்கே வழக்கம்.

மலேசியாவில் வேறு முறை. அங்கே 9 மாநில அரசர்களில் ஒருவர் 5 ஆண்டுக்கு ஒரு முறை நாட்டின் மாமன்னர் ஆகிறார். போலீஸ் சின்னத்தில் புலித்தலையும் கிரீடமும் உண்டு. ஆனால், கிரீடம் எந்த ஒரு மன்னருக்கும் தனியாக உரியது அல்ல. ஆகவே மன்னர் மாறினாலும் சின்னம் மாறுவது இல்லை.

யாருடைய போலீஸ்?

சின்னம் என்பது வெறும் பித்தளைத் துண்டு அல்ல. "நான் யாருடைய ஆணையை நிறைவேற்றுகிறேன்" என்று போலீஸ்காரர் வாய் திறக்காமல் சொல்லும் பதில் அது. அன்றைய பதில், "மன்னருடைய ஆணையை." இன்றைய பதில், "மக்கள் ஏற்ற சட்டத்தின் ஆணையை."

ராஜேந்திர பிரசாத் முதல் திரௌபதி முர்மு வரை 15 பேர் குடியரசுத் தலைவர் பதவிக்கு வந்துவிட்டார்கள். மந்திரிசபைகள் எத்தனையோ மாறின. தோளில் இருக்கும் சிங்கம் மாறவில்லை.

அந்தச் சிங்கத்தின் காலடியில் பொறிக்க வேண்டிய வாசகம் ஒன்று உண்டு. "வாய்மையே வெல்லும்" என்பதே அது. வலை பறிபோன மீனவர், புகார் எழுதிய காகிதத்தோடு போலீஸ் நிலையத்தின் படி ஏறும்போது, அந்தச் சின்னம் அவருக்கும் சொந்தம். அதை அணிந்து இருப்பவரும், அதைப் பார்ப்பவரும் மறக்கக் கூடாத செய்தி அது.