'அல்லதீ' தெரிந்தவருக்கு ஆங்கில 'ஹூ' கடினமா?

ஆவடி, பூந்தமல்லி பக்கம் நாம் சந்திக்கும் மதரஸா மாணவர்கள் சிலர், 'ஹூ', 'விச்' வரும் ஆங்கில வாக்கியங்களைக் கண்டாலே தயங்குகிறார்கள். தமிழில் 'நாம் பார்த்த இமாம்' என்று பெயரெச்சம் முன்னால் வந்துவிடும். இணைப்புச் சொல்லே வேண்டாம். ஆங்கிலத்தில் 'தி இமாம் ஹூம் வி சா': பெயர் முதலில், விளக்கம் பின்னால். நஹ்வு படித்தவருக்கு இது புதிதா என்ன? இஸ்முல் மவ்ஸூலும் ஸிலாவும்தானே! 'அல்இமாமுல்லதீ ரஅய்னாஹு', அதே வரிசை.

ஆனால் அரபியில் கடைசியில் 'ஹு' என்ற ஆயித், அதாவது இமாமையே திரும்பச் சுட்டும் பிரதிப்பெயர், வருகிறது. ஃபாத்திஹாவின் கடைசி வசனத்தில் 'அல்லதீன'வை அடுத்து வரும் முதல் 'அலைஹிம்' இப்படித்தான். இந்தப் பழக்கத்தில் மாணவர்கள் 'ஹூம் வி சா ஹிம்' என்று எழுதிவிடுகிறார்கள். 'ஹூம்' இருந்தால் 'ஹிம்' கூடாது.

இன்னொன்று: 'ரஜுலுன்' போன்ற நகிராவுக்குப் பின் 'அல்லதீ' வராது. ஆங்கிலத்திலோ 'எ மேன் ஹூ கேம்' என்பதில் 'ஹூ'வை விட முடியாது.