இரட்டித்த பின் இளைக்கும் செடிகள்

தாவர உயிரணுவில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருப்பது பொதுவழக்கம். நான்கு, ஆறு, எட்டு எனத் தொகுதிகள் பெருகிய செடிகள் பன்மடியத் தாவரங்கள். கோதுமை, கரும்பு, புகையிலை, இன்று பெரும்பாலும் விளையும் பருத்தி எல்லாம் இந்த வகை. இரண்டு இனங்கள் கலந்து குரோமோசோம்களும் இரட்டிக்கும்போது, புதிய செடியின் டி.என்.ஏ. அளவு பெற்றோரின் கூட்டுத்தொகைக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும். காலம் போகப்போக அந்தக் கணக்கு பிசகுகிறது.

பருத்தியில் இது தெளிவாகத் தெரியும். தென்மாவட்டக் கரிசலில் விளைந்த கருங்கண்ணி, 26 குரோமோசோம்கள் கொண்ட இருமடிய இனம், அதன் டி.என்.ஏ. சுமார் 170 கோடி கார இணைகள். 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அதன் நெருங்கிய உறவினம் ஒன்று, 90 கோடிக்குச் சற்றுக் குறைவாக உள்ள அமெரிக்கக் காட்டுப் பருத்தியோடு கலந்தது. அதன் வழிவந்ததுதான் இன்று உலகின் பெரும்பாலான பஞ்சைத் தரும் 52 குரோமோசோம் பருத்தி. கூட்டினால் கிட்டத்தட்ட 260 கோடி வர வேண்டும். இருப்பது சுமார் 240 கோடி.

இந்த அளவை எடுக்கும் முறை எளிது. இளம் இலையையும், டி.என்.ஏ. அளவு முன்பே தெரிந்த பட்டாணி போன்ற செடியின் இலையையும் ஒன்றாகக் கரைசலில் வைத்து, சவர பிளேடால் பொடியாகக் கொத்துவார்கள். வடிகட்டிச் சாயமேற்றிய உட்கருக்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடக்கும். டி.என்.ஏ. கூடக்கூட ஒளிர்வும் கூடும்.

குறைவு எங்கிருந்து வருகிறது? மரபணுத்தொகுதியில், அதாவது செடியின் மொத்த டி.என்.ஏ.வில், பெரும்பகுதி தன்னைத்தானே நகலெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் தாவும் துண்டுகள். இவற்றில் ஒரு பெரும் வகைக்கு இரு முனைகளும் ஒரே வரிசை. அந்த முனைகள் ஒன்றோடொன்று தவறாக இணைந்தால் நடுப்பகுதி கழன்றுபோய், ஒற்றை முனை மட்டும் தடயமாக மிஞ்சும். அறுந்த இழையை ஒட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பு சேரும். இரட்டைப் பிரதியாக உள்ள மரபணுக்களில் ஒன்று போனாலும் செடி பிழைத்துக்கொள்வதால், இந்த இழப்புக்குத் தடையும் குறைவு.

ஆனால் இளைப்பது விதியல்ல. மக்காச்சோளத்தின் மூதாதையும் ஒருகாலத்தில் இரட்டித்ததுதான். இன்று அதன் அளவு சுமார் 230 கோடி; உறவான சோளத்துக்கு 73 கோடிதான். வெறும் இரட்டிப்பால் மும்மடங்கு வராது. மிச்சத்தைத் தாவும் துண்டுகள் நிரப்பின. அவற்றை பார்பரா மெக்ளின்டாக் முதலில் கண்டறிந்ததும் மக்காச்சோளத்தில்தான். 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

புகையிலைப் பேரினம் இன்னும் சுவையானது. சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே கலப்பில் பிறந்த உடன்பிறப்புகளில் நிகோட்டியானா ரெபாண்டா பெருத்தது, நிகோட்டியானா நூடிகாலிஸ் இளைத்தது. பெற்றோர் ஒன்று, வயதும் ஒன்று. ஆகவே இரட்டிப்பு தொடக்கம் மட்டுமே. நகல் பெருகும் வேகத்துக்கும் கழியும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசமே முடிவைத் தீர்மானிக்கிறது.

குளங்களில் மிதந்து நுண்பூச்சிகளைப் பிடிக்கும் யுட்ரிகுலேரியா கிப்பா பலமுறை இரட்டித்த வம்சம். இருந்தும் அதன் மரபணுத்தொகுதி 8 கோடி கார இணைகளைச் சற்றே தாண்டும். மரபணுக்களோ சுமார் 28,500. எதிர்முனையில் ஜப்பானின் எண்மடியச் செடியான பாரிஸ் ஜப்பானிக்கா, சுமார் 14,900 கோடி. மனிதனுக்கு இருப்பது சுமார் 310 கோடி.