போலிச் சாவி காட்டிய வழி

வேறொரு சாவி பூட்டினுள் நுழைந்து சிக்கிக்கொண்டால், சரியான சாவியும் பயன்படாது அல்லவா? குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முதல் மருந்து இப்படித்தான் கிடைத்தது.

இந்நோயில் எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. 1940-களில் இதற்குச் சிகிச்சையே இல்லை. பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை; விரைவதாகவே தோன்றியது! ஆனால் அதிலிருந்தே ஒரு கேள்வி பிறந்தது: அணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் உதவுகிறதென்றால், அதைத் தடுத்தால் என்ன?

அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவின் குழு அமினோப்டெரினைத் தயாரித்தது. ஃபோலிக் அமிலத்தை ஒத்த இந்தப் போலி, அது சேரவேண்டிய நொதியில் சிக்கிக்கொள்ளும். அணுப் பெருக்கம் தடைப்படும்.

1948-இல் ஃபார்பர் வெளியிட்ட முடிவு: 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் தற்காலிகமாகத்தான், நோய் திரும்பி வந்தது. பின்னர் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை வளர்ந்தது. இன்று வளர்ந்த நாடுகளில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய் வகையில் 10-க்குச் சுமார் 9 பேர் பிழைக்கின்றனர். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் அம்மருந்துகளுள் ஒன்று.

உங்கள் சோதனை எதிர்பார்த்தபடி அமையவில்லையா? குறிப்பேட்டில் அடித்துவிடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள்!