கைவசப்படும் படக்கருவி

நுழையும்முன்

கண்ணால் கண்ட காட்சியை நிலைநிறுத்த மனிதன் கண்டறிந்த வழி ஒளிப்படம். திறன்பேசியின் வரவால் இன்று ஏறத்தாழ எல்லார் கைகளிலும் படக்கருவி இருக்கிறது. ஆயினும், அக்கருவி எடுக்கும் முடிவுகளையே நாம் நம் முடிவுகளாக ஏற்றுக்கொள்கிறோம். புதிய எண்மப் படக்கருவி ஒன்றை அறிந்து, அமைத்து, நம் கைக்கு ஏற்றதாக ஆக்கிக்கொள்ளும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

தறியில் அமரும் நெசவாளர், பாவு நூலின் விறைப்பைச் சரிபார்த்த பிறகே நெய்யத் தொடங்குகிறார். மேடையேறும் இசைக்கலைஞர், சுருதி சேர்த்த பிறகே பாடுகிறார். கருவியைத் தமக்கேற்ப அமைத்துக்கொள்வது எந்தத் தொழிலுக்கும் முதற்படி. படக்கருவிக்கும் இது பொருந்தும்.

தொழிற்சாலையிலிருந்து வரும் புதிய படக்கருவி, யாரென்று அறியாத ஒருவருக்காக அமைக்கப்பட்டது. அவர் எதைப் படமெடுப்பார், எத்தகைய ஒளியில் நிற்பார் என்பது உற்பத்தியாளருக்குத் தெரியாது. ஆகவே, எல்லாருக்கும் ஓரளவு பொருந்தும் சராசரி அமைப்புடன் கருவி நம்மை வந்தடைகிறது. நண்பகல் வெயிலில் அசையாமல் நிற்கும் மனிதரைப் படமெடுக்க அவ்வமைப்பு போதும். கபடிக் களத்தில் பாய்ந்து திரும்பும் வீரரையும், மங்கிய விளக்கொளியில் ஆடும் தெருக்கூத்துக் கலைஞரையும், கிளையிலிருந்து எழும் பறவையையும் எடுக்க அது போதாது. இத்தகைய கணங்கள் மீண்டும் வருவதில்லை. அந்நேரத்தில் கருவியின் பட்டியலைத் திறந்து தேடுபவர் காட்சியை இழப்பார். முடிவுகளை முன்கூட்டியே எடுத்துவைத்தவர் காட்சியை மட்டும் கவனிப்பார்.

எண்மப் படக்கருவியின் தோற்றம்

படச்சுருளில் பதிந்த ஒளியை மின்குறிப்பாக மாற்றுவதற்கு வழிகாட்டியது, 1969ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகியோர் உருவாக்கிய ஒளி உணரி. இதற்காக 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் அவர்கள் பங்குபெற்றனர். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவன் சாசன், 1975ஆம் ஆண்டு எண்மப் படக்கருவியை உருவாக்கினார். ஏறத்தாழ 3.6 கிலோகிராம் எடையுள்ள அக்கருவி, 10,000 படப்புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்ய 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. இன்றைய கருவிகள் ஒரே நொடியில் பல படங்களை எடுக்கின்றன. வேகம் பெருகியதற்கேற்பக் கருவி தானாக எடுக்கும் முடிவுகளும் பெருகிவிட்டன.

முதல் நாள் பணிகள்

புதிய கருவியைக் கையில் எடுத்தவுடன் கழுத்துப்பட்டையை இணைத்து, மின்கலத்தை முழுமையாக மின்னேற்ற வேண்டும். நினைவக அட்டையைக் கணினியில் அன்றி, அந்தக் கருவியிலேயே வடிவமைத்தல் நன்று. வடிவமைக்கும்போது அட்டையில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால், பழைய படங்களை முன்னரே வேறிடத்தில் சேமித்துவிட வேண்டும்.

அடுத்தது நாளும் நேரமும். இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு படத்துடனும் அது எடுக்கப்பட்ட நாள், நேரம், பயன்படுத்திய அமைப்புகள் ஆகியன தரவாகப் பதிவாகின்றன. வெள்ளம் புகுந்த தெரு, சிதைந்துவரும் கல்வெட்டு, வலசை வந்த பறவை என எதை எடுத்தாலும், அப்படம் பின்னாளில் சான்றாவதற்கு நாளும் நேரமும் சரியாக இருத்தல் வேண்டும்.

காட்சி காணும் கண்ணாடியின் அருகே சிறிய திருகு ஒன்று இருக்கும். பயன்படுத்துபவரின் பார்வைத்திறனுக்கு ஏற்ப அதனைத் திருப்பி, உள்ளே தெரியும் எழுத்துகள் தெளிவாகும் நிலையில் நிறுத்த வேண்டும். இதைச் செய்யாதவர், படம் தெளிவாக இருந்தும் மங்கலாகத் தெரிவதாக எண்ணிக் கருவியைக் குறைகூற நேரும்.

கோப்பின் வகையையும் முதல் நாளிலேயே முடிவுசெய்யலாம். ‘ஜேபெக்’ கோப்பில் கருவியே நிறத்தையும் ஒளியையும் முடிவுசெய்து, தரவைச் சுருக்கிச் சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 ஒளிநிலைகள் உள்ளன. ‘ரா’ எனப்படும் மூலக்கோப்பு, உணரி பெற்ற தரவை அவ்வாறே வைத்திருக்கிறது. 14 துணுக்குகள் கொண்ட மூலக்கோப்பில் 16,384 ஒளிநிலைகள் உண்டு. பின்னர்த் திருத்துவதற்கு இது இடம்தரும். அதற்கேற்ப அட்டையில் மிகுதியான இடத்தையும் எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் இரண்டையும் ஒருசேரச் சேமிப்பது நல்லது.

ஒளியை ஆளும் மூன்று

படத்தின் ஒளியளவு மூன்று கட்டுப்பாடுகளால் அமைகிறது. முதலாவது, வில்லையிலுள்ள ஒளித்துளை. வில்லையின் குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே ‘எஃப்’ எண். 50 மில்லிமீட்டர் வில்லையில் எஃப்/2 என்பது 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை. எஃப்/4 என்பது 12.5 மில்லிமீட்டர் துளை. எண் சிறிதாகத் துளை பெரிதாகும். துளை பெரிதானால் ஒளி மிகும். பின்புலம் மங்கி, படமெடுக்கப்படும் பொருள் தனித்துத் தெரியும்.

இரண்டாவது, ‘ஷட்டர்’ எனப்படும் மூடுதிரையின் வேகம். 1/1000 நொடியில் ஓடுபவர் உறைந்து நிற்பார்; 1/15 நொடியில் ஓட்டம் கோடாக நீளும். கை நடுக்கம் படத்தைக் கெடுக்காதிருக்க, வில்லையின் குவியத்தூரத்திற்கு இணையான பின்னத்திற்குக் குறையாத வேகத்தை வைப்பது பொதுவழக்கு. 200 மில்லிமீட்டர் வில்லைக்கு அது 1/200 நொடியாகும்.

மூன்றாவது, ‘ஐஎஸ்ஓ’ எண். இது உணரியின் மின்குறிப்பைப் பெருக்கிக் காட்டும் அளவு. இதனை உயர்த்தினால் இருளிலும் படம் எடுக்கலாம். ஆனால், இருளில் கிடைக்கும் ஒளி குறைவாதலால் படத்தில் புள்ளிப்புள்ளியாகச் சொரசொரப்பு தோன்றும்.

இம்மூன்றும் ஒரு துலாக்கோலைப் போன்றவை. எஃப்/4, 1/250 நொடி, ஐஎஸ்ஓ 400 என்னும் அமைப்பு தரும் ஒளிநிலையையே எஃப்/5.6, 1/125 நொடி, ஐஎஸ்ஓ 400 என்னும் அமைப்பும் தரும். துளையில் பாதியாகக் குறைந்த ஒளியை, இருமடங்கு நேரம் ஈடுசெய்கிறது. ஒளிநிலை ஒன்றே, படம் வேறு. எந்தப் படம் வேண்டும் என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் எடுப்பவரே.

இதற்காகவே கருவியின் மேற்புறத்தில் முறைமைச் சுழலி அமைந்துள்ளது. முழுத் தானியங்கி முறையில் எல்லாவற்றையும் கருவியே முடிவுசெய்யும். துளைக்கு முதன்மை தரும் முறையில் துளையை நாமும் வேகத்தைக் கருவியும் தேர்வோம். வேகத்திற்கு முதன்மை தரும் முறையில் இது தலைகீழாகும். முழுக் கைம்முறையில் எல்லாம் நம் பொறுப்பு. முகங்களுக்குத் துளைமுதன்மையும் விளையாட்டுக்கு வேகமுதன்மையும் ஏற்றவை. பல திறன்பேசிகளில் உள்ள ‘புரோ’ முறையிலும் வேகம், ஐஎஸ்ஓ ஆகியவற்றை நாமே மாற்றலாம்.

ஒளிமானியின் அனுமானம்

கருவியிலுள்ள ஒளிமானி காட்சியின் ஒளியை அளக்கிறது. அதற்குப் பொருள்களின் உண்மை நிறம் தெரியாது. எதிரில் உள்ளவை அனைத்தும் சேர்ந்து இடைநிலைச் சாம்பல் அளவு ஒளியைத் திருப்பியனுப்பும் என்பது அதன் அடிப்படை அனுமானம். விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் சாம்பல் அட்டையை ஒளிப்படக் கலைஞர்கள் அளவுகோலாகக் கொள்வதும் இதனால்தான். எனவே, சட்டகம் நிறைய நிற்கும் வெண்கொக்கைக் கருவி இருளச்செய்து சாம்பலாக்கும். சட்டகம் நிறைய நிற்கும் கரிய எருமையை வெளுக்கச்செய்து சாம்பலாக்கும்.

ஒளியேற்புத் திருத்தப் பொத்தான் இதற்குத் தீர்வு. வெண்மை மிகுந்த காட்சிக்குக் கூட்டல் பக்கமும், கருமை மிகுந்த காட்சிக்குக் கழித்தல் பக்கமும் திருத்த வேண்டும். விளைவைச் சரிபார்க்கக் கணிதப் பாடத்தில் கற்ற நிகழ்வெண் செவ்வகப்படம் உதவுகிறது. படப்புள்ளிகளை இருளிலிருந்து ஒளிவரை வரிசைப்படுத்திக் காட்டும் அப்படம் வலப்பக்கச் சுவரில் முட்டி நின்றால், வெண்பகுதிகளின் நுட்பங்கள் அழிந்துவிட்டன என்பது பொருள்.

மனித முகங்களை எடுக்கும்போது இத்திருத்தம் மேலும் முதன்மை பெறுகிறது. வெள்ளையடித்த சுவரின் முன் கருநிற முகமுடைய ஒருவர் நிற்கிறார் எனக் கொள்வோம். சுவரின் வெண்மையைக் கண்டு கருவி ஒளியைக் குறைக்கும். முகத்தின் நுட்பங்கள் இருளில் மறையும். அதே முகம் சட்டகம் முழுதும் நிறைந்திருந்தால் கருவி ஒளியைக் கூட்டும்; முகம் தன் இயல்பான நிறத்தை இழந்து வெளுக்கும். இரண்டும் அம்முகத்திற்கு இழைக்கப்படும் பிழைகளே.

இயந்திரத்தின் சராசரிக்குப் பின்னால் மனிதரின் தேர்வு இருக்கிறது என்பதற்கு வரலாறும் சான்று தருகிறது. வண்ணப் படச்சுருள்கள் வழக்கிலிருந்த காலத்தில், படங்களின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு மாதிரி அட்டைகளை வழங்கியது. வெளிர்நிறத் தோலுடைய பெண்ணின் உருவம் அவற்றில் இருந்தது. ‘ஷர்லி அட்டை’ என வழங்கப்பட்ட அதற்கு ஏற்பவே நிறங்கள் சரிசெய்யப்பட்டன. அதனால் கருநிறத் தோலுடையோரின் முகநுட்பங்கள் பல படங்களில் தெளிவின்றிப் போயின. பல நிறத் தோலுடையோரும் இடம்பெற்ற அட்டைகள் பின்னாளிலேயே வந்தன. கருவி தரும் நிறமே உண்மை நிறம் என்று கொள்ளலாகாது என்பது இதனால் விளங்கும்.

வெண்சமநிலை அமைப்பும் இத்தகையதே. மாலைக் கதிரின் பொன்னிறத்தைக் குறையெனக் கருதித் தானியங்கி அமைப்பு அதனைத் தணித்துவிடக்கூடும். அந்நேரங்களில் ‘பகலொளி’ என்னும் அமைப்பைத் தேர்ந்தால் கண்ட நிறம் பெரிதும் நிலைக்கும்.

பொத்தான்களைத் தன்வயமாக்குதல்

இதுவரை கண்டவற்றை விரைந்து இயக்கப் பொத்தான்களின் பணிகளை மாற்றியமைக்கலாம். பெரும்பாலான கருவிகளில் படமெடுக்கும் பொத்தானைப் பாதி அழுத்தினால் குவியம் அமையும். முழுதும் அழுத்தினால் படம் பதிவாகும். ஒரு விரலுக்கு இரு பணிகள். குவியப் பணியைக் கருவியின் பின்புறமுள்ள பொத்தானுக்கு மாற்றினால், பெருவிரல் குவியத்தையும் ஆள்காட்டி விரல் பதிவையும் கவனிக்கும். கபடியில் பாடிவரும் வீரரைப் பெருவிரல் அழுத்தத்தால் தொடரும்போது நடுவர் குறுக்கே வந்தால், விரலை எடுத்தால் போதும். குவியம் நடுவர்மீது தாவாது. இயங்கும் பொருளுக்குத் தொடர்குவியமும் அசையாப் பொருளுக்கு ஒற்றைக் குவியமும் ஏற்றவை.

கருவியில் உள்ள சிறப்புப் பொத்தான்களில் ஒன்றை ஐஎஸ்ஓவிற்கும் மற்றொன்றைக் குவியப்புள்ளியை மாற்றுவதற்கும் ஒதுக்கலாம். அடிக்கடி தேவைப்படும் அமைப்புகளைத் ‘தன்பட்டியல்’ பகுதியில் சேர்த்துவைத்தால், நீண்ட பட்டியல்களில் தேடும் வேலை குறையும்.

முழு அமைப்பையும் ஒரே சுழற்சியில் பெறும் வசதியும் பல கருவிகளில் உண்டு. சுழலியின் ‘சி1’, ‘சி2’ ஆகிய இடங்களில் இருவேறு சூழல்களுக்கான அமைப்புகளைச் சேமிக்கலாம். வேடந்தாங்கலில் பறக்கும் நீர்ப்பறவைகளை எடுக்க 1/2000 நொடி வேகம், தொடர்குவியம், தொடர்பதிவு ஆகியன முதலிடத்தில் இருக்கலாம். இரவுக் கூத்தை எடுக்கப் பெரிய துளை, உயர்ந்த ஐஎஸ்ஓ, ஓசையற்ற பதிவு, பளிச்சொளித் தடை ஆகியன இரண்டாமிடத்தில் இருக்கலாம். ஆடுபவரின் கண்ணைக் கூசச்செய்யாமலும் காண்போரின் கவனத்தைக் கலைக்காமலும் எடுக்க இது உதவும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுதல் கூடாது. ஒரு பொத்தானை மாற்றி, அது விரலுக்குப் பழகிய பிறகு அடுத்ததை மாற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கருவியை ஏந்தி, விரல்களால் பொத்தான்களை அடையாளம் காணும் பயிற்சி பெரிதும் பயன்படும். எடுத்த படங்களுடன் பதிவான தரவைப் படித்து, எந்த அமைப்பு எதனைத் தந்தது என அறிவது சிறந்த பாடமாகும்.

தெரிந்து தெளிவோம்

மா. கிருஷ்ணன் (1912 – 1996) தமிழகத்தின் புகழ்பெற்ற இயற்கையியல் எழுத்தாளர். காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளைப் படங்களையே பெரிதும் விரும்பியவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை ஒன்றிணைத்துத் தம் தேவைக்கேற்பத் தாமே அமைத்துக்கொண்ட பெரிய படக்கருவிக்கு அவர் ‘சூப்பர் பாண்டரோசா’ எனப் பெயரிட்டிருந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாக வெளிவந்துள்ளன.

கருவியும் பொறுப்பும்

அமைப்புகளுள் சில பிறர் நலன் சார்ந்தவை. இருப்பிடத்தைப் பதிவுசெய்யும் வசதி இயங்கும்போது, அரிய பறவையின் கூடு இருக்குமிடம் படத்தின்வழி வேட்டையாடுபவருக்கும் தெரியக்கூடும். அத்தகைய படங்களைப் பகிரும்முன் அத்தரவை நீக்க வேண்டும். பழைய ஓவியங்கள் உள்ள இடங்களில் பளிச்சொளியை அணைத்துவைக்க வேண்டும். மனிதரைப் படமெடுக்குமுன் அவருடைய இசைவைப் பெற வேண்டும். எந்தப் பொத்தானும் நமக்காக இதனைச் செய்துவிடாது.

கருவியின் தானியங்கி அமைப்பு தவறானதன்று, அது பொதுவானது. நம் முன்னிருக்கும் முகமோ, பறவையோ, ஆட்டமோ பொதுவானதன்று. ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஒளியும் நிறமும் வேகமும் கொண்டது. அதனை உள்ளவாறு பதிவுசெய்ய விரும்புபவர், கருவி எங்கே தம் சார்பில் முடிவெடுக்கிறது என்பதை அறிந்து, வேண்டிய இடத்தில் அம்முடிவைத் தம் கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வாங்கிய கருவி வசப்பட்ட கருவியாகும்.

கற்பவை கற்றபின்...

1. ஒரே காட்சியை மூன்று வெவ்வேறு ஷட்டர் வேகங்களில் படமெடுத்து, வேறுபாடுகளை வகுப்பறையில் விளக்குக.

2. வெண்ணிறத் துணி, கருநிறத் துணி ஆகியவற்றைத் தனித்தனியே சட்டகம் நிறையப் படமெடுத்து, ஒளிமானி செய்த பிழையைக் கண்டறிந்து திருத்துக.

3. உங்கள் ஊரில் மறைந்துவரும் தொழில் ஒன்றைப் படமெடுப்பதற்குத் தேவையான அமைப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுக.

4. ‘படக்கருவி பொய் சொல்லாது’ – இக்கூற்று குறித்துக் கலந்துரையாடுக.