இல்லம் தேடி வரும் செவிலியர்: குழந்தைக்கு முதல் காவல்

மகப்பேறு முடிந்து தாயும் சேயும் இல்லம் திரும்பும் நாள் மகிழ்ச்சிக்குரியது. ஆனால் குழந்தைக்குக் கூடுதல் கவனிப்புத் தேவைப்படும் நாட்களும் அப்போதுதான் நடந்துகொண்டிருக்கின்றன. பச்சிளங் குழந்தைகளின் இறப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, பிறந்த முதல் 7 நாட்களுக்குள் நேர்கின்றன. இயல்பான பேற்றுக்குப் பின் மருத்துவமனையில் தங்குவதோ இரண்டு மூன்று நாட்களே. எஞ்சிய நாட்களில் குழந்தையைக் கண்காணிக்க வருபவரே கிராம சுகாதார செவிலியர்.

வீட்டுக்கே சென்று கவனிப்பதன் பயனை நம் நாடே உலகுக்குக் காட்டியது. மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர், ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்துப் பிறந்த குழந்தைகளை வீடுதோறும் கவனிக்கச் செய்தனர். அங்குப் பச்சிளங் குழந்தை இறப்பு மூன்றாம் ஆண்டில் 62 விழுக்காடு குறைந்ததை 1999-இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. 2011-இல் இம்முறை நாடு முழுவதற்குமான திட்டமாயிற்று.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் பார்ப்பது இத்திட்டத்தின் முறை. அதன்பின் 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களிலும் வளர்ச்சியும் இணை உணவும் கவனிக்கப்படுகின்றன. செவிலியர் குழந்தையின் எடையும் உடல் வெப்பமும் பார்ப்பார், தொப்புளைச் சோதிப்பார், மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவார், தாய் பாலூட்டும் முறையைக் கண்டு திருத்துவார். தாயின் உதிரப்போக்கு, காய்ச்சல், தையல் ஆகியவற்றுடன் மனநிலையையும் கேட்டறிவார். இரண்டு வாரங்களுக்கு மேலும் தாயின் அழுகையும் சோர்வும் நீங்காவிடில் அதனை மறைக்காமல் கூறுதல் வேண்டும்.

அவர் வராத நாளிலும் நாம் அறிந்திருக்க வேண்டிய அபாய அறிகுறிகள் உண்டு. குழந்தை பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், வலிப்பு, உடல் சுடுதல் அல்லது சில்லிடுதல், நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, மூச்சிழுக்கையில் நெஞ்சுக் குழிவு, உள்ளங்கை உள்ளங்கால்களில் மஞ்சள் நிறம், தொப்புளில் சீழ் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் செவிலியரின் அடுத்த வருகைக்காகக் காத்திராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

சேனை வைத்தல், சர்க்கரைத் தண்ணீர் புகட்டுதல், தொப்புளில் எண்ணெயோ சாம்பலோ இடுதல் முதலியவற்றைப் பாட்டிமார் அன்பினாலேயே செய்கின்றனர். எனினும் அவற்றால் நோய்த்தொற்று ஏற்படக்கூடும். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். தொப்புளை உலர்வாக விட்டால் போதும். செவிலியர் இவற்றைச் சொல்லும்போது வீட்டுப் பெரியவர்களும் உடனிருந்து கேட்டல் நலம்.

இவ்வருகை தவறிப்போவதற்கு நம் பகுதியில் இரு காரணங்களைக் குறிப்பிடலாம். முதலாவது, தாய்வீட்டுக்குச் செல்லுதல். நெய்வேலி நகரியத்தில் பதிவு செய்த பெண், பேற்றுக்குப்பின் திருவதிகையிலுள்ள தாய்வீட்டில் தங்கினால், அங்குள்ள செவிலியர் அக்குழந்தையை அறியார். நகரியச் செவிலியரோ பூட்டிய வீட்டைக் கண்டு திரும்புவார். இரண்டாவது, வேலை. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி உடைக்கும் வேலைக்கு விரைவில் திரும்பும் தாயை அவர் பகலில் காண இயலுவதில்லை.

இவற்றைத் தவிர்த்தல் நம் கையில்தான் உள்ளது. சமவெளியில் ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பதே அளவுகோல். ஆகவே ஒரு செவிலியர் ஒரே வீட்டுக்குப் பன்முறை வந்து தேடுதல் அரிது. மருத்துவமனையிலிருந்து புறப்படும் முன்பே எந்த ஊரில், யார் வீட்டில் தங்கப்போகிறீர்கள் என்பதை எங்களிடம் தெரிவியுங்கள். தாய்வீட்டை அடைந்ததும் அவ்வூர்ச் செவிலியருக்கோ அங்கன்வாடிப் பணியாளருக்கோ சொல்லியனுப்புங்கள். தாய் சேய் நல அட்டையை உடன் எடுத்துச் செல்லுங்கள். குழந்தையின் எடையும் 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிகளும் அதில் பதியப்பட்டால்தான் அடுத்துப் பார்ப்பவர் தொடர இயலும். வேலைக்குச் செல்லும் தாய்மார் தாம் வீட்டிலிருக்கும் நேரத்தை முன்கூட்டியே அவரிடம் கூறலாம். பாலைப் பீய்ச்சி வைத்துப் புகட்டும் முறையையும் கேட்டறியலாம்.

செவிலியர் வாயிலில் வந்து நிற்கையில், "குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது" என்று கூறி அனுப்பிவிடாதீர்கள். நன்றாக இருக்கும் குழந்தையையும் எடைபோட்டுப் பார்ப்பதே, நலம் குன்றத் தொடங்கும் நாளை நமக்கு முன்னதாகவே காட்டித் தரும்.