மென்சிலிக்கோன் இறப்பரின் விறைப்பு

இறப்பரை இழுத்தால் நீளும், விட்டால் மீளும். எவ்வளவு விசைக்கு எவ்வளவு நீளும் என்பதே ஆராய்ச்சியாளரின் வினா. இவ்விறைப்பினை யங்கின் மட்டு என்னும் அளவாற் குறிப்பர்.

மரப்பாலிற் பெறும் இறப்பர் காபன் தொடராலானது. சிலிக்கோன் இறப்பரிலோ சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறி நிற்கும். ஆய்வுகூடங்களிற் பெரிதும் பயிலும் சில்காட் 184 இரு திரவங்களாக வருவது. பத்துப் பங்கு மூலத்திரவத்துடன் ஒரு பங்கு இறுக்கியைக் கலந்து சூடாக்கின், தொடர்கள் குறுக்கே பிணைபட்டுத் திண்மமாகும். அதன் மட்டு ஏறத்தாழ 1 முதல் 3 மெகாபாசுக்கால். உருக்கினதோ இதனிலும் ஏறக்குறைய இலட்ச மடங்கு. மூலத்தை ஐம்பது பங்காக்கினாற் பிணைப்புகள் அருகி, மட்டு 100 கிலோபாசுக்காலுக்கும் கீழிறங்கும். சூட்டின் அளவும் காலமுங்கூட அதனை மாற்றும். ஆதலால், கலவை விகிதம் கூறாது மட்டினை வெளியிடும் கட்டுரைகளை யாம் ஐயத்தோடே படிக்கின்றோம்.

இவ்வையம் வீணன்று. 1980 இல் அல்பேட் ஹரிசும் துணைவரும் சிலிக்கோன் திரவத்தின் மேற்பரப்பைக் கணநேரம் சுவாலையிற் காட்டி, அங்கே உண்டான மெல்லிய படலத்தில் உயிர்க்கலங்களை ஊரவிட்டனர். கலங்கள் இழுக்கப் படலம் சுருக்கம் விழுந்தது. அதுகாறும் கண்ணுக்குப் புலனாகாத விசை அன்று வெளிப்பட்டது! பின்வந்தோர் மென்தளத்தின் இடப்பெயர்ச்சியை அளந்து அவ்விசையைக் கணிக்கலாயினர். அக்கணக்கிலே தளத்தின் மட்டினைப் பாதியாகப் பிழைபடக் கொண்டால், கலத்தின் விசையும் பாதியாகவே வரும்.